இரண்டு பக்கமும் பூட்டிய கதவு

முற்றத்தைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

கடவுச்சொற்களை ஒப்படைத்துவிட்டேன். இனி பொறுப்பும் உங்களுடையது, தலைவலியும் உங்களுடையது. கணினியை எப்படிப் பராமரிப்பது என்று நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்துக்கொண்டு, ஆதார் திருத்தம் போடுவதும் பரீட்சை ரிசல்ட் எடுத்துக் கொடுப்பதுமாக இருந்தவள் நான். கடைக்கு வந்த பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டு, பாதியைக் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டவள். அந்த வேலையில் நீங்கள் என்னைவிடத் தேறியவர்கள். நான் சொல்ல வந்தது ஒரு சுவிட்சைப் பற்றி. நிர்வாகியின் திரையில் வலது ஓரத்தில் சின்னதாக இருக்கும். அதைத் தட்டுவதற்காக உங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை; நினைத்தபோது தட்டாமல் இருப்பதற்காகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

புதிதாக வந்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் முதலில் முற்றம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பெரிய கம்பெனியின் ஆப்பில் பேசிக்கொண்டிருப்பது வாடகை வீட்டில் குடியிருப்பது போல. சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் வீட்டுக்காரன் முகத்தைப் பார்க்க வேண்டும். முற்றம் நம்முடைய சொந்தக் கணினியில், நாமே பேசி முடிவு செய்த விதிகளின்படி நடப்பது. நமக்கு மேற்கே இருக்கிற பெரம்பலூர்க்காரர்கள் இதைப் போலவே சாவடி என்று ஒன்றை நடத்துகிறார்கள். தனி அடுப்பு, தனிக் குடித்தனம். ஆனால் நடுவில் ஒரு கதவு. இங்கே எழுதினால் அங்கே தெரியும், அங்கே எழுதினால் இங்கே பதில் போடலாம். யாரும் யாருக்கும் முதலாளி இல்லை. எதைச் செய்வதென்றாலும் வாக்கெடுப்பு. சிமெண்ட் லாரி ஓட்டுகிற ஒரு உறுப்பினர் சேர்ந்த அன்றே கேட்டார்: "முதலாளி இல்லாத கம்பெனியில லீவு யாருகிட்டக்கா கேக்குறது?" அதற்கு எனக்கு இன்று வரை பதில் தெரியாது. அதனால்தான் ஓய்வுபெற இத்தனை காலம் பிடித்தது.

சண்டை ஒரு பூவில் ஆரம்பித்தது.

விக்கிரமங்கலத்தில் தமிழரசி என்று ஒரு பெண். முன்பு கூலிக்குக் களை எடுக்கப் போன அதே காட்டில் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து எள் விதைத்திருந்தாள். அவள் குடும்பத்தில் சொந்தப் பொறுப்பில் போட்ட முதல் வெள்ளாமை அது. கணவன் வெளிநாட்டில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். தினமும் காலையில் காட்டைப் படம் எடுத்து முற்றத்தில் போடுவாள். முளைத்தபோது ஒன்று, இலை விட்டபோது ஒன்று. எள் பூத்ததும் ஒன்று போட்டாள். எல்லோரும் வாழ்த்திக்கொண்டிருந்தபோது சாவடியிலிருந்து ஒரு பதில் வந்தது. எழுதியவர் செட்டிகுளத்துச் சின்ன வெங்காய விவசாயி முருகேசன்.

"எள்ளுங்கிறது சோம்பேறி வெள்ளாமை தங்கச்சி. விதைச்சிட்டுப் போர்த்திக்கிட்டுத் தூங்கலாம்."

முருகேசன் விளையாட்டாகத்தான் சொன்னார். சாவடியில் அவர் இப்படித்தான் எல்லோரையும் சீண்டுவார், அவர்களும் திருப்பிச் சீண்டுவார்கள். ஆனால் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் காட்டில் குனிந்தவளைப் பார்த்துச் சோம்பேறி என்றால் அது விளையாட்டாகவா போய் இறங்கும்? தமிழரசி யோசிக்கவே இல்லை.

"வெங்காயம் நட்டவன் விக்கிறப்ப தானும் அழுவான், உரிக்கிறப்ப அடுத்த வூட்டுப் பொம்பளையையும் அழ வைப்பான். ஊருக்கே அழுகைய வெளைய வைக்கிறவரு என்னைய தூங்கச் சொல்றாரு."

இத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. அன்று மாலைக்குள் எள்ளும் வெங்காயமும் மறைந்து, பெரம்பலூரும் அரியலூரும் களத்தில் இறங்கிவிட்டன. "அரியலூர்ல பஸ் ஏறினா இங்க வந்து எறங்கறதுக்குள்ள சிமெண்டுப் புழுதியில ஆளு வெள்ளையாயிடறான், பொண்டாட்டியே அடையாளம் கண்டுபிடிக்க மாட்டேங்குறா" என்று அங்கிருந்து ஒருவர். "உங்க ஊர்ல நாலு ரோடு இருக்கு, நாலும் வெளிய போறதுக்குத்தான்" என்று இங்கிருந்து ஒருவர். நான் ஊடே புகுந்து, "விதியைப் படியுங்கள், மரியாதையாகப் பேசுங்கள்" என்று எழுதினேன். நான் எழுதியதற்கும் கீழே இரண்டு பேர் சண்டை போட்டார்கள்.

தமிழரசி வாக்கெடுப்பு கேட்டாள். சாவடியை மொத்தமாகத் துண்டிக்க வேண்டும். அவர்கள் எழுதுவது நமக்குத் தெரியக் கூடாது, நாம் எழுதுவது அவர்களுக்குத் தெரியக் கூடாது. நான் போனில் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தேன்.

"ஒரு ஆளு சொன்னதுக்கு ஒரு ஊரையே தள்ளி வைக்கிறதாம்மா?"

"அக்கா, அந்த ஊர்ல ஒருத்தராச்சும் 'ஏய் முருகேசா, வாய மூடு'ன்னாங்களா? அத்தனை பேரும் சிரிச்சாங்கள்ல? சிரிச்சவங்களுக்கும் சேத்துத்தான்."

விதிப்படி ஒரு நாள் முழுக்க வாக்கெடுப்பு நடந்தது. துண்டிப்பது என்று முடிவானது. நான் சுவிட்சைத் தட்டினேன். சாவடியின் நிர்வாகி ஜமால் பாய், பெரம்பலூரில் செல்போன் கடை வைத்திருப்பவர், ஐந்து நிமிஷத்தில் போன் செய்தார்.

"அக்கா, நாங்களும் உங்களத் துண்டிக்கறதா ஓட்டுப் போட்டுட்டோம். நாங்கதான் மொதல்ல."

"பாய், நாங்க தட்டி அஞ்சு நிமிஷம் ஆச்சு."

"அப்ப நான் எங்காளுங்ககிட்ட என்ன சொல்றது? அவங்க துண்டிச்சதுக்கு அப்புறம் நாம துண்டிச்சோம்னா மானம் போயிடும்கா."

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துலன்னு சொல்லிக்குவோம்."

"அல்லா உங்களுக்கு நீண்ட ஆயுசக் கொடுக்கட்டும்."

இப்படி ஒரே கதவை இரண்டு பக்கத்திலிருந்தும் பூட்டிவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் வழக்கம்போல வாரத்துக்கு இரண்டு முறை போனில் பேசிக்கொண்டோம்.

இப்போது உங்களுக்கு மழைச்சொல்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருச்சியில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் அவர்களுடைய சர்வரில் வைத்து ஓட்டிய தானியங்கிக் கணக்கு அது. மனிதர் யாரும் அதன் பின்னால் உட்கார்ந்திருக்கவில்லை. உங்கள் ஊரில் மழை பெய்தால் அதன் பெயரைக் கூப்பிட்டு எழுத வேண்டும். அது உங்கள் ஊர்ப் பெயரை முன்னால் ஒட்டி, நீங்கள் எழுதியதை அப்படியே தன் பதிவாகத் திருப்பிப் போடும். "செந்துறை: ஒரு உழவு மழை." ஒரு முறை உழுவதற்குப் போதுமான ஈரம் என்று பொருள். எழுதியவர் பெயர் வராது, ஊர்ப் பெயர் மட்டும்தான். அது மூன்றாவது வீட்டுப் பிள்ளை என்பதால் எங்கள் இரண்டு பூட்டும் அதைத் தடுக்கவில்லை. அது சொல்வது முற்றத்துக்கும் தெரியும், சாவடிக்கும் தெரியும்.

நம் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். பேச்சு நின்றுபோன இரண்டு பேர் பேசாமலா இருக்கிறார்கள்? மூன்றாவது ஆளிடம் பேசுவார்கள். "சாப்பாடு வச்சிருக்கு, வேணும்னா வந்து திங்கச் சொல்லு" என்று பெண்டாட்டி கன்றுக்குட்டியிடம் சொல்வாள். "எனக்குப் பசிக்கலன்னு சொல்லு" என்று புருஷனும் அதே கன்றுக்குட்டியிடம் சொல்வான். கன்றுக்குட்டி வைக்கோலைத் தின்றுகொண்டிருக்கும்.

துண்டித்த மறுநாளே மழைச்சொல்லி அந்தக் கன்றுக்குட்டி ஆனது.

"செட்டிகுளம்: மழை இல்லை. கிழக்குப் பக்கமிருந்து வெறும் வாய்க்காத்து மட்டும் அடிக்குது தம்பி."

"விக்கிரமங்கலம்: இங்கயும் மழை இல்ல. மேக்கால என்னமோ கறுப்பாத் தெரியுது. மேகமா, இல்ல வெங்காயம் நட்டவன் மூஞ்சியான்னு பாத்துச் சொல்லு தம்பி."

முதலில் இந்த இரண்டு பேர்தான். பிறகு ஊரே வரிசையில் நின்றது. யார் எந்த ஊர், எந்த வாய் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். சண்டை நடந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள்கூட இப்போது காலையில் டீ குடித்தபடி வானிலை அறிக்கை படித்தார்கள். நம் உறுப்பினர்கள் சிலர், பொறுப்பானவர்கள், என்னிடம் வந்து மழைச்சொல்லியையும் துண்டித்துவிடச் சொன்னார்கள். வாக்கெடுப்பின் நோக்கமே கெட்டுப் போகிறதாம். நியாயம்தான். "வாக்கெடுப்புக்குக் கொண்டுவாங்க" என்றேன். கொண்டுவருகிறோம் என்று போனவர்கள் கொண்டுவரவே இல்லை. அவர்களும் காலையில் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது.

எனக்கு அன்று தோன்றியதைச் சொல்கிறேன். மக்கள் ஒரு கட்டுப்பாட்டைப் போடுகிறார்கள். போட்ட கையோடு அதில் ஒரு ஓட்டையும் போட்டுக்கொள்கிறார்கள். நிர்வாகிக்கு ஓட்டையைப் பார்த்தால் கை அரிக்கும். அவசரப்பட்டு அடைத்துவிடாதீர்கள். கோபம் ஆறும்போது மனிதர்கள் எந்த வழியாகத் திரும்பி வருவார்கள் என்பது நமக்குத் தெரியாது.

ஆனால் அந்த ஓட்டையால் ஒரு கெடுதலும் நடந்தது. எள் அறுத்து, செடியைக் கட்டிக் களத்தில் நிறுத்திக் காய வைத்த நேரம். ஒரு காலை மழைச்சொல்லி சொன்னது: "செட்டிகுளம்: பேய் மழை. சோம்பேறி வெள்ளாமைக்காரங்க எல்லாம் எழுந்து போர்வைய இழுத்துப் போத்தலாம்." அது முருகேசனுடைய கிண்டல். செட்டிகுளத்தில் ஒரு பொட்டு மழை இல்லை. தமிழரசி கிண்டலில் பாதியை நம்பிவிட்டாள். ஆட்களைக் கூப்பிட்டுக் களம் முழுக்கத் தார்ப்பாய் இழுத்து மூடினாள். சுட்டெரிக்கிற சித்திரை வெயில். உள்ளே இருந்த செடி வியர்த்துப் புழுங்க ஆரம்பித்தது. திரும்பப் பிரித்துப் போட்டபோது கூலிக்கு வந்த பெண்கள், "தமிழு, எள்ளுக்குக் குளிருதுன்னு போத்திவுட்டியா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அவள் என்னிடம் சொன்னபோது சிரிக்கவில்லை. "இனி மேக்க இருந்து வெள்ளமே வந்தாலும் நான் நம்பப் போறதில்லக்கா" என்றாள்.

அடுத்த வாரம் மேற்கிலிருந்து உண்மையாகவே வந்தது.

உச்சி சாய்ந்த நேரம். நான் கடையில் ஒரு பெரியவருக்கு ஓய்வூதிய விண்ணப்பம் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஜமால் பாய் கூப்பிட்டார். பின்னால் தகரக் கூரையில் கல் கொட்டுவது போல ஓசை.

"அக்கா! காத்தும் மழையுமா பொளந்து கட்டுது. செட்டிகுளத்துல ஆரம்பிச்சு இப்ப பெரம்பலூர் வந்திருச்சு. நேரா உங்க பக்கம்தான் வருது. அந்த எள்ளுக்காரம்மாவுக்குக் களத்துல கெடக்குதுன்னு சொன்னீங்கள்ல?"

காய் வெடித்துக் காய்ந்து நிற்கிற எள்ளில் பெருமழை பட்டால், உதிர்ந்த மணி தண்ணீரோடு ஓடிவிடும், மீதி கறுத்துப் போகும். அவளுடைய முதல் வெள்ளாமை மொத்தமும் அந்தக் களத்தில் இருந்தது.

பாயின் போனை வைத்துவிட்டுத் தமிழரசியைக் கூப்பிட்டேன். எடுத்ததுமே மேளச் சத்தம் கேட்டது.

"ஊர்ல காதுகுத்துக்கா. பந்தி ஓடிட்டிருக்கு. சத்தமா சொல்லுங்க."

"மழை வருதும்மா. எள்ள மூடு."

"இங்க வெயிலு மண்டையப் பொளக்குது. யாரு சொன்னா?"

"ஜமால் பாய்."

"அவரு எந்த ஊரு?"

"பெரம்பலூர்தாம்மா."

"அக்கா, களத்துக்கு ஆளு வேணும்னா நான் பந்தியில உக்காந்திருக்கிறவங்கள எழுப்பணும். எலையில சோறு வச்சப்புறம் எழுப்பறது. மழ வரலன்னா என்னைய இந்த ஊர்ல வாழ வுடுவாங்களா? போன வாரம் சிரிச்சதே இன்னும் காதுல கேக்குது. வேற ஆள ஏமாத்தச் சொல்லுங்க."

வைத்துவிட்டாள்.

எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தவரை இலையிலிருந்து எழுப்புவது என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. அதன் பிறகு மூன்று தலைமுறைக்கு அந்தக் குடும்பம் எந்த விசேஷத்துக்குப் போனாலும், "வாங்க, இங்க எழுப்ப மாட்டோம், தைரியமா உக்காருங்க" என்பார்கள்.

பாயை மறுபடியும் பிடித்தேன்.

"சுவிட்சத் தட்டி வுடுங்கக்கா. நானும் தட்டறேன். எங்காளுங்க அம்பது பேரு மழைப் படம் போட்டு வச்சிருக்காங்க. அந்தம்மா கண்ணால பாக்கட்டும். ஓட்டெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம், உசுருக்குப் போராடறப்ப யாரு சட்டம் பாக்குறா?"

கை சுட்டியின் மேல் போய்விட்டது, உண்மையைச் சொல்கிறேன். ஒரு தட்டு. யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நல்ல காரியத்துக்குத்தானே. ஆனால் கையை அங்கேயே வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தேன். கதவைத் திறந்தால் அவளுக்கு என்ன தெரியும்? பெரம்பலூர்க்காரர்கள் போட்ட மழைப் படம் தெரியும். பெரம்பலூர்க்காரர்களைத்தானே அவள் நம்பவில்லை? படம் போன வருஷத்து மழையாக இருக்கும் என்பாள். கதவு பூட்டியிருப்பதா இங்கே பிரச்சினை? கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் பேச்சு எடுபடவில்லை, அதுதான் பிரச்சினை. நான் சுவிட்சைத் தட்டினால் எள் நனைவதும் நனையும். இனி முற்றத்தில் போடுகிற ஓட்டெல்லாம் அக்காவுக்குப் பிடிக்கிற வரைக்கும்தான் என்றும் ஆகிவிடும். இரண்டு நஷ்டம்.

கையை எடுத்தேன்.

"பாய், முருகேசன் என்ன பண்றாரு?"

"அவர ஏன் கேக்குறீங்க. சேத்து வைக்கிற பட்டறையில ஏத்தறதுக்காக வெதை வெங்காயத்தக் களத்துல பரப்பி வச்சிருந்தாரு. மொத்தமும் தண்ணியில மெதக்குது. மண் களமாச்சே, சேறு. இப்பத்தான் போன்ல கத்தினாரு. ஆளு அழுவாத கொறைதான்."

"அவர எழுதச் சொல்லுங்க."

"மழையப் பத்தியா? அவரு சொன்னா அந்தம்மா காறித் துப்பும்."

"மழையப் பத்தி ஒரு வார்த்தையும் வேணாம். வெங்காயத்தப் பத்தி எழுதச் சொல்லுங்க. என்ன ஆச்சோ அத அப்படியே."

"சிரிப்பா சிரிப்பாங்களேக்கா! அந்தாளு மானத்துக்கு அஞ்சறவரு."

"அதனாலதான் சொல்றேன்."

கிண்டலுக்காக யார் வேண்டுமானாலும் மழையைப் பொய்யாகப் பெய்ய வைப்பார்கள். ஆனால் தன்னைக் கேலி செய்தவர்கள் முன்னால், தன் வெள்ளாமை போனது என்று எவனும் பொய் சொல்லமாட்டான். அதிலும் முருகேசன் சொல்லவே மாட்டார். இது எந்தத் தொழில்நுட்பப் புத்தகத்திலும் இருக்காது. ஆனால் நீங்கள் பார்க்கப்போகிற வேலையில் பாதி இதுதான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. ஓய்வூதியப் பெரியவர், "என்னம்மா, சர்வர் வேலை செய்யலியா?" என்றார். "செய்யுதுங்கய்யா, மனுஷங்கதான் யோசிக்கிறாங்க" என்றேன். அப்போது மழைச்சொல்லி வாய் திறந்தது. முருகேசன் மழையில் நின்றபடி போனிடம் பேசிப் பேசி எழுத வைத்திருக்கிறார். இடையில் ஆட்களைத் திட்டியதும் அதிலேயே விழுந்திருந்தது.

"செட்டிகுளம்: ஏ மழைச்சொல்லி அந்த எள்ளுக்காரம்மாகிட்ட சொல்லு. என் வெங்காயம் போச்சு. ஏலே அந்தச் சாக்க இழுடா. வெதைக்கு வச்சிருந்தது அத்தனையும் சேத்துல கெடக்கு. நான் முட்டிக்கால் போட்டுப் பொறுக்கிட்டு இருக்கேன். சிரிக்கணும்னா சிரிச்சுக்கட்டும். எள்ள மூடிட்டுச் சிரிக்கச் சொல்லு."

இதன் பிறகு நடந்ததைத் தமிழரசி என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் பந்தியில் ஆட்கள் கூடிக்கொண்டே போவார்கள். அவள் போனைப் படித்துவிட்டு நேராகப் பந்தலுக்குள் போய், இரண்டு வரிசை இலைகளுக்கும் நடுவில் நின்று, "எல்லாரும் எந்திரிங்க! என் எள்ளு நனையப் போவுது!" என்று கத்தினாள்.

எல்லோரும் முதலில் வானத்தைப் பார்த்தார்கள். ஒரு மேகம்கூட இல்லை. பிறகு அவளைப் பார்த்தார்கள்.

"யாரும்மா சொன்னா?" என்றார் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர்.

"பெரம்பலூர்லேருந்து சேதி."

"ஏம்மா, நீதான அவங்களோட பேசக் கூடாதுன்னு எங்கள ஓட்டுப் போட வச்ச?"

"பேசலண்ணே. அவரு மழைச்சொல்லிகிட்டச் சொன்னாரு. அது எங்கிட்டச் சொல்லுச்சு. சட்டப்படிதான். எந்திரிங்க!"

போன வாரம் சிரித்த பெண்களில் ஒருத்திதான் முதலில் எழுந்தாள். கையைக் கழுவக்கூட இல்லை. அவள் எழுந்ததும் பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். பிறகு வரிசையே எழுந்தது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்த தாய்மாமன் மட்டும், "காது குத்தறதா வேணாமா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். எள் கட்டுகளை நெருக்கி அடுக்கினார்கள். தார்ப்பாய் போதவில்லை. காதுகுத்துப் பந்தலின் துணியை அவிழ்த்துக்கொண்டு வந்து மேலே போட்டுக் கல் வைத்தார்கள்.

எல்லாம் முடிந்தது. வெயில் அப்படியே அடித்தது.

ஊரே களத்தைச் சுற்றி, எச்சில் கையோடு, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. பந்தல் இல்லாததால் சாப்பாட்டு இடத்திலும் வெயில். பாயசக்காரர் வாளியோடு நின்றிருந்தார். "தமிழு, பெரம்பலூர் மழைக்கு வழி தெரியாம கும்பகோணம் போயிருச்சோ?" என்று ஒரு குரல். தமிழரசி களத்து மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். "செத்துடலாம் போல இருந்துச்சுக்கா" என்பாள் இந்த இடத்தில் எப்போதும்.

நான் இதெல்லாம் தெரியாமல் அரியலூரில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று தெருவில் புழுதி சுழற்றியது, கடைப் பலகை படாரென்று விழுந்தது, கரண்ட் போனது, அதோடு நம் சர்வரும் படுத்துக்கொண்டது. சட்டென்று போனை எடுத்து, "தமிழு, அரியலூர்ல வந்திருச்சு" என்றேன். அவள் போனைத் தூக்கிப் பிடித்து, "அரியலூர் வந்திருச்சாம்!" என்று ஊருக்குக் கத்தியது கேட்டது. பஸ் வருவதைச் சொல்வது போலத்தான் சொன்னாள். ஊரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பது போலத்தான் அங்கேயே நின்றது. மழை விக்கிரமங்கலத்துக்குள் நுழைந்தபோது கைதட்டினார்களாம். ஒரு பக்கத்து ஓரத்தில் கொஞ்சம் எள் நனைந்தது. மீதி அத்தனையும் தப்பியது. குழந்தைக்குத் தமிழரசியின் வீட்டுக்குள் வைத்துக் காது குத்தினார்கள்.

மறுநாள் காலை பளீரென்று வெயில். மழைச்சொல்லியைத் திறந்தேன்.

"விக்கிரமங்கலம்: மூணு உழவு மழை. இப்ப நல்ல வெயிலு. ஊர்க் களம் சிமெண்ட் களம், காத்தாலயே காஞ்சிருச்சு, பாதி காலியாத்தான் இருக்கு. யாருக்காச்சும் வெங்காயம் காய வைக்கணும்னா கொண்டாரலாம்னு பொதுவா சொல்லு தம்பி. நான் யாரையும் கூப்பிடல."

"செட்டிகுளம்: இங்க களம் இன்னும் சேறு. யாரோ கொண்டாந்தாலும் கொண்டாரலாம்னு பொதுவா சொல்லு. யாரும் கூப்பிட்டதால இல்ல."

மத்தியானம் ஜமால் பாய் என்னைக் கடையில் வந்து ஏற்றிக்கொண்டார். "இதப் பாக்காம வுட்டா நான் நிர்வாகியா இருந்து என்னக்கா புண்ணியம்?" என்றார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மினி லாரி நின்றது. களத்தின் ஒரு பாதியில் எள், மறு பாதியில் வெங்காயம் பரப்பியிருந்தது. தமிழரசியும் நாலைந்து பெண்களும் குந்தி உட்கார்ந்து அழுகலைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கூட்டி அள்ளியபோது விதை வெங்காயத்தில் பாதிக்குமேல் தேறியது. முருகேசன் சாக்கை உதறிக்கொண்டு நின்றார். நான் நினைத்ததைவிடக் குள்ளமான, சாதுவான ஆள். இரண்டு பேருக்கும் நடுவில் பத்தடி தூரம். ஒரு வார்த்தை இல்லை.

பாய் தொண்டையைக் கனைத்தார். "நல்ல காரியம் நடந்திருக்கு. இன்ஷா அல்லா, இப்பவாச்சும் துண்டிப்ப எடுத்துடலாமா?"

"அதெப்படிங்க எடுக்கறது?" என்றாள் தமிழரசி, வெங்காயத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல். "ஓட்டுப் போட்டு முடிவு பண்ணது. திரும்ப ஓட்டுக்கு வுட்டு, ஒரு நாள் முழுக்கக் காத்திருக்கணும்ல. என்னக்கா?"

முருகேசன் எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். தாங்கள் போட்ட கட்டுப்பாட்டை இப்படிக் காக்கிற மக்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முந்தின நாள் அந்தச் சுவிட்சைத் தட்டியிருந்தால் இவர்கள் முகத்தில் எப்படி விழித்திருப்பேன் என்று தோன்றியது. நான் கடையைவிட்டு இறங்கும்போதே துண்டிப்பை நீக்குவதற்கான வாக்கெடுப்பை அறிவித்திருந்தேன் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை. போய்க் களத்து மேட்டில் உட்கார்ந்தேன்.

தமிழரசி எழுந்து வீட்டுக்குள் போனாள். தட்டில் டீயோடு வந்து எனக்கும் பாய்க்கும் கொடுத்தாள். மூன்றாவது டம்ளரைக் களத்தின் நடுவில், எள்ளும் வெங்காயமும் முட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்து போனை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் முருகேசனின் சட்டைப் பையில் மணி அடித்தது. அவர் எடுத்துப் படித்தார். முகத்தை மாற்றிக்கொள்ளாமல் ஏதோ தட்டினார். நானும் பாயும் அவசரமாக எங்கள் போன்களைத் திறந்தோம். இந்நேரம் இரண்டு மாவட்டத்திலும் எத்தனை பேர் திறந்திருப்பார்களோ.

"விக்கிரமங்கலம்: மழை இல்லை. டீ ஆறுதுன்னு சொல்லு."

"செட்டிகுளம்: சக்கரை கம்மியா போட்டுருக்கான்னு கேட்டுச் சொல்லு."